உருகியதை உறைய வைத்து எங்கள் தலையில் கட்டுகிறார்கள்

நேற்று மாலை வாங்கி வந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தைச் சமையல் மேடையில் வைத்தபோது செங்கல்லை வைத்ததுபோலச் சத்தம் கேட்டது. அரைக் கிலோ பட்டாணியும் ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. உறையின் உட்புறம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பனித்தூள். குழவியால் தட்டி உடைத்துக் கொதிநீரில் போட்டேன். தோல் தனியாகக் கழன்றது, உள்ளே இருந்தது கூழாகக் கரைந்தது. குருமா வைக்க நினைத்த எனக்கு மிஞ்சியது பச்சை நிறக் கஞ்சி.

உறைந்த உணவு மட்டுமே விற்கிறோம் என்று சொல்லி ஊர் ஊராகக் கிளை திறக்கும் கடை அது. பட்டாணி, பரோட்டா, கோழி, இறால், மீன் துண்டு என்று எல்லாம் அங்கே ஃப்ரீசர் பெட்டியில்தான் இருக்கும். குளிரைத் தவிர அவர்களிடம் வேறு என்ன சரக்கு இருக்கிறது? அந்தக் குளிரிலேயே கை வைக்கிறார்கள்.

ஊகித்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். போன வாரம் மகனைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது, கடையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கினார்கள். பெட்டிகளின் அடியில் ஈரச் சாக்கு விரித்திருந்தது. ஒரு பையன் வரிசையாக சுவிட்சுகளைப் போட்டுக்கொண்டே போனான், மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. இரவெல்லாம் அணைத்தா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "மூடிதான் இருக்கிறதே அம்மா, குளிர் உள்ளேயே நிற்கும். கரண்ட் பில் எவ்வளவு வருகிறது தெரியுமா?" என்றார் மேலாளர். கொஞ்சமும் கூச்சம் இல்லை.

குளிர் உள்ளே நிற்குமா? தடித்த மூடி போட்ட, சரக்கு நிறைந்த பெட்டியைத் திறக்காமல் வைத்தால் ஒரு நாள் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். இங்கே இருப்பது கண்ணாடி மூடி. பெட்டியில் பாதி காலி. பகல் முழுக்க ஆளாளுக்குத் திறந்து கையை விட்டுத் துழாவுகிறார்கள். கடைக்கு மேலே தகரக் கூரை. ஊரோ வேலூர்! சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும் ஊர். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும். நள்ளிரவில்கூட மின்விசிறிக் காற்று சுடுகிறது. இந்த ஊரில் ஃப்ரீசரை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவரை என்னவென்று சொல்வது?

ஆலையில் பட்டாணியை மணி மணியாக, நிமிடக் கணக்கில் உறைய வைக்கிறார்கள். வேகமாக உறைந்தால் உள்ளே உண்டாகும் பனித்துகள் சிறிதாக இருக்கும், பட்டாணி கெடாது. இரவில் உருகி, காலையில் பெட்டிக்குள் மெல்ல மெல்ல மறுபடி உறைந்தால் அந்தத் துகள்கள் பெரிதாக வளர்ந்து காயின் சதையைக் கிழித்துவிடும். என் பாத்திரத்தில் கரைந்தது அப்படிக் கிழிந்த பட்டாணிதான். இங்கிலாந்தில் ஐஸ்லாந்து என்ற கடைத் தொடர் 1970இல் ஓஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூரில், உறைந்த உணவைப் பெட்டியிலிருந்து உதிரியாக அள்ளிக் கொடுத்துத்தான் தொடங்கியது. அள்ளினால் உதிர வேண்டும், அதுதான் உறைந்த உணவு. குழவி கேட்பது அல்ல.

பட்டாணி போனால் குருமாதான் போயிற்று. மீனும் இறாலும்? உறைய வைத்தால் கிருமி சாவதில்லை, ஓய்ந்து கிடக்கும், அவ்வளவுதான். உருகிய நேரத்தில் விழித்துப் பெருகும். காலையில் சுவிட்சைப் போட்டால் பெருகியது பெருகியபடியே மறுபடி உறையும். நேற்று அந்தப் பெட்டியில் ஒரு மீன் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூலையில் சிவந்த நீர் தேங்கி, அப்படியே கட்டியாகியிருந்தது. ஒருமுறை உருகி வடிந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே பெட்டியில் என் பக்கத்தில் நின்று மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர் ஒரு வங்காளத்து அம்மா. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து, லாட்ஜ் அறையில் தங்கி, நோயாளிக்குத் தாமே சமைத்துப் போடுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! மொழி தெரியாத ஊரில், சுத்தமாக இருக்கும் என்று உறையை நம்பி வாங்குகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கா இந்த மீன்? எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் வேண்டாம் என்று தடுத்தேன். மேலாளர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சடித்திருக்கிறது. உருகிய பின் மறுபடி உறைய வைக்காதீர்கள் என்றும் அடியில் இருக்கிறது. அந்த எச்சரிக்கை வாங்கிப்போகிற எனக்கு மட்டும்தானா? கடைக்காரருக்கு இல்லையா?

பட்டாணியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அதே பெட்டியிலிருந்து இன்னொரு பாளத்தை எடுத்து நீட்டுகிறார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம்! எனக்கு அது வேண்டாம், பணமும் வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் நாங்கள் பார்க்கும்படி ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள், இரவில் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். நாளைக் காலை ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு அந்தக் கடை வாசலில் நிற்பேன். ஈரச் சாக்கைப் படம் எடுத்து மனுவோடு சேர்க்க வேண்டும்.