காட்டில் கற்ற வைத்தியம்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மருத்துவரும் இயற்கை ஆர்வலருமான கிடியன் லின்சிகம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல் மருத்துவரான அவரை டார்வினுக்கு எறும்புகள் பற்றி எழுதியவர் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டீர்களே என்பதுதான் என் குறை.

அவருக்கு மூலிகை வைத்தியம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் மிசிசிப்பியில், சாக்டா என்ற பழங்குடி மக்களுக்கு நடுவே வாழ்ந்தவர் அவர். அவர்களுடைய மொழியைச் சரளமாகப் பேசுவார். பாதரச மருந்தும் ரத்தம் வடிப்பதுமாக இருந்த அன்றைய வைத்தியத்தில் வெறுத்துப்போய், ஒரு சாக்டா வைத்தியரோடு காட்டில் வாரக்கணக்கில் தங்கி, செடி செடியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த வைத்தியர்தான் அவருடைய கல்லூரி. இதை விட்டுவிட்டு ‘தானே கற்றவர்’ என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1848-இல் டெக்சஸ் போய் லாங் பாயிண்டில் குடியேறினார். அங்கேதான் விதை சேகரிக்கும் அறுவடை எறும்புகளைக் கவனித்தார். புற்றைச் சுற்றி ஒரு புல் பூண்டு விடாமல் வழித்துத் துடைத்து, ஒரே வகைப் புல்லை மட்டும் விட்டுவைப்பதைப் பார்த்து, எறும்புகளே விதைத்து அறுக்கின்றன என்று எழுதினார். டார்வின் அதை இயற்கை அறிஞர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கொண்டுபோனார். விதைக்கின்றன என்பதைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. எறும்புகள் வெளியே எறியும் விதைகளே அங்கு முளைக்கின்றன என்றார்கள். ஆனாலும் எறும்புகள் விதை சேகரிப்பதை அவர் கவனித்தது நிஜம்.

அடிமைகளை வைத்திருந்தார், குற்றவாளிகளுக்குக் காயடிக்கச் சட்டம் கேட்டார். அதையும் கட்டுரையில் சேருங்கள்.