பிரிஜிட் என்றால் வேலைக்காரி என்று ஆன கதை

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கான இணையதளங்களில் 'பிரிஜிட்' என்ற அயர்லாந்துப் பெண்பெயருக்கு 'நெருப்பு அம்பு' என்று பொருள் போட்டிருப்பார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அது 900ஆம் ஆண்டு வாக்கில் தொகுத்த 'கோர்மாக்கின் சொற்களஞ்சியம்' என்ற பழைய அயர்லாந்து அகராதி, பெயரை இரண்டாகப் பிரித்துப் போட்டுக் கட்டிய பொருள். ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் சொல்வோமே, அந்த ரகம். மொழியியலாளர்கள் சொல்வது 'உயர்ந்தவள்'. சமஸ்கிருத 'பிருகத்' இதற்கு உறவுமுறை. ஆமாம், தஞ்சாவூர் பிருகதீஸ்வரர் பெயரில் இருக்கும் அதே பிருகத்.

களஞ்சியம் இன்னொன்றும் சொல்கிறது: பிரிஜிட் கவிஞர்கள் கும்பிட்ட தெய்வம், அவளுக்கு அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி வைத்தியத்துக்கு, ஒருத்தி கொல்லுப்பட்டறைக்கு. பிறகு அயர்லாந்தின் கில்டேர் என்ற ஊரில் மடம் நிறுவிய கிறிஸ்தவத் துறவி புனித பிரிஜிட் வருகிறார். மடத்துக்கு நிலம் கேட்டபோது அந்தப் பகுதியை ஆண்ட லென்ஸ்டர் அரசன் மறுத்தானாம். "என் மேலாடை விரிகிற அளவு போதும்" என்றாராம். சரியென்றான். ஆடை விரிந்து விரிந்து சமவெளி முழுக்கப் போய்விட்டது! தெய்வம்தான் புனிதரானதா, இருவரும் வேறா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். கட்டட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் காலத்து அயர்லாந்து ஆண்கள் 'மேல் பிரிக்டே' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், பிரிஜிட்டின் அடியான் என்று பெருமையாக. மெக்பிரைட் என்ற குடும்பப்பெயரும் இந்த வகைதான்: பிரிஜிட் அடியானின் மகன். 1974இல் அமைதி நோபல் வாங்கிய ஷான் மெக்பிரைட் பெயரில் இருப்பது இவள்தான்.

அப்படிப்பட்ட பெயர் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறியது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்துப் பெண்கள் பாஸ்டன், நியூயார்க் வீடுகளில் சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் போனார்கள். அவர்களில் பிரிஜிட்கள் ஏராளம். அதன் செல்லச் சுருக்கம் 'பிடி' (Biddy). எஜமானிகள் வேலைக்கு வந்த ஐரிஷ் பெண் யாராக இருந்தாலும் அவளை 'பிடி' ஆக்கினார்கள். கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? அடுப்பில் பொங்கி வழியும் பானை, முஷ்டியை ஓங்கிய குண்டுச் சமையல்காரி, எதிரே நடுங்கும் எஜமானி என்று 1883இல் 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் ஒரு சித்திரம் வந்தது.

நொந்துபோன பல பிரிஜிட்கள் டெலியா, பெர்த்தா என்று மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் பாட்டி பெயர் டெலியா என்றால், அயர்லாந்துப் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவில் பிரிஜிட் என்று தேடிப் பார் என்பார்கள் வம்சாவளி தேடுகிறவர்கள். பெயரை மாற்றிய பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாட்டுக்குப் போன இடத்தில் நாளெல்லாம் கேலி கேட்க யாரால் முடியும்?

2023 முதல் அயர்லாந்தில் பிரிஜிட் பெயரில் பொதுவிடுமுறை விடுகிறார்கள். ஒரு பெண் பெயரில் அங்கே கிடைத்த முதல் பொதுவிடுமுறை. அயர்லாந்தின் இன்னொரு பெரிய புனிதரான பேட்ரிக்குக்கு 1903லேயே கொடுத்தாயிற்று. இத்தனைக்கும் அவர் அயர்லாந்தில் பிறந்தவர்கூட இல்லை, பிரிட்டனிலிருந்து பிடித்து வரப்பட்டவர்.