குளிர் இருக்கு, காற்று எங்கே?

மதியம் 2 மணி டியூட்டோரியல் வகுப்பு. ஜன்னல் திறக்காத அறை, 40 பேர், ஸ்வெட்டர் போட்டும் கை விறைக்கிற குளிர். 3 மணிக்குள் பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. உடனே, ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான் என்று பிள்ளைகள் மேல் பழி! முதலில் அந்த அறையின் காற்றைப் பாருங்கள்.

ஏர்கான் ஓடினால் காற்று மாறிவிடாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் ஃபேன் காயில் (விசிறியும் குளிர்நீர்ச் சுருளும் சேர்ந்த பெட்டி), அறைக்காற்றையே இழுத்துக் குளிரவைத்து மறுபடி அதே அறைக்குள்தான் விடுகிறது. வெளிக்காற்று வர வேறு குழாய், வேறு மின்விசிறி, நடுவில் டேம்பர் என்ற மடல். நம் சிங்கப்பூர் வெளிக்காற்றோ சூடும் ஈரமும். அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கக் கரண்டு நிறையச் செலவாகும். அதை மிச்சம் பிடிக்க மடலை ஒடுக்கிவிடுகிறார்கள். ஃபில்டரில் தூசு அடைத்தாலும் இதே கதிதான். சுவரில் 22 டிகிரி காட்டும், ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கணக்குப் போடுங்கள். வெளிக்காற்று போதுமா என்பதை நாம் விடும் கரியமில வாயுவே காட்டிக்கொடுக்கும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 40 பேர் 720 லிட்டர். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் என்றால் 224 கன மீட்டர் காற்று. வெளிக்காற்று துளியும் வராவிட்டால், தொடக்கத்தில் இருக்கும் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு கரியமில வாயு), 11 நிமிடத்தில் 1,000 ஆகிவிடும்; ஒரு மணி நேரத்தில் 3,600. கதவிடுக்குக் கசிவில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளியே இருப்பதைவிட 700 பிபிஎம்முக்கு மேல் கூடக்கூடாது என்கிறது ஏர்கான் கட்டடங்களின் உட்காற்றுக்கான நம் சிங்கப்பூர் தரநிலை எஸ்எஸ் 554. அதற்கு ஆளுக்கு நொடிக்கு 7 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். 25 பேருக்குப் போட்ட குழாயை வைத்துக்கொண்டு 40 நாற்காலி அடுக்கினால் எங்கிருந்து வரும்?

வயிறு எரிவது இதற்குத்தான்: ஒரே பாடம், எல்லாரையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக் கிரேடு போடும் ஒரே பெல் கர்வ். ஒரு குழுவுக்குக் காற்றோட்டமான அறை, இன்னொரு குழுவுக்கு இந்த அடைசல். கிரேடு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே தராசில்!

குளிருகிறது என்று மட்டும் புகார் கொடுக்காதீர்கள். 2 டிகிரி ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். குளிர்நீர் வால்வு ஒடுங்கும், ஈரம் இறங்காது, அறை புழுங்கவும் தொடங்கும். எண்ணோடு போங்கள். கரியமில வாயுவையே அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் சென்சர் உள்ள மீட்டராக இருக்கட்டும். மலிவு மீட்டர் சில வேறு வாயுக்களை வைத்து ஊகித்துத்தான் எண் காட்டும். முதலில் வெளியே 5 நிமிடம் வையுங்கள், 400 முதல் 450 வரை காட்ட வேண்டும். பிறகு மேசை உயரத்தில், யார் மூச்சும் நேரே படாமல் ஒரு மீட்டர் தள்ளி, கதவோரமும் ஏர்கான் வாயும் தவிர்த்து வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். அறை எண், நேரம், தலைக்கணக்கு மூன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பராமரிப்பு ஆள் வந்து காலி அறையில் அளந்து எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே கிழமை, அதே 3 மணிக்கு, 40 பேரும் உள்ளே இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.