ஜூன் 30-உடன் முடியக் கூடாத வேலைகள்

ஜூலை வந்துவிட்டது. ரோட்டரி, லயன்ஸ் என்ற இரண்டு சேவைச் சங்கங்களுக்குமே ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும் என்பதால், இந்த மாதம் முழுக்கக் கல்யாண மண்டபங்களில் பணியேற்பு விழாக்கள். புதுத் தலைவர், செயலாளர், பொருளாளர், சால்வை, மாவட்ட ஆளுநர் (பல சங்கங்களுக்குச் சேர்த்துத் தலைமை வகிப்பவர்) பேச்சு, பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம், குரூப் போட்டோ. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி. எனக்கு இந்த விழாக்கள் பிடிக்கும். கடையை மூடிவிட்டு, கிளினிக்கை விட்டுவிட்டு, சொந்தக் காசையும் போட்டு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் இவர்கள். ரோட்டரியில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக இருக்கிறேன்.

அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நம் சங்கங்களில் தலைவர் ஆண்டுதோறும் மாறுவது நல்ல ஏற்பாடு. ஒரே ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் தலைவரோடு சேர்ந்து வேலையும் மாறிவிடுகிறது. போன வருடம் மரக்கன்று, இந்த வருடம் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம், அடுத்த வருடம் ஸ்மார்ட் வகுப்பறை. ஒவ்வொன்றும் நல்ல வேலைதான். நட்ட கன்றுக்கு இரண்டாவது கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரைச் சொல்லவில்லை, சங்கத்தையும் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்தை ஒட்டி ஆர்.ஓ. இயந்திரம் நிற்கிறது. வழங்கியவர்களின் பெயர்ப் பலகை பளபளவென்று இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. ஒரு பிள்ளை தானாகவே முன்வந்து, "அது ஓடாது சார், அந்தப் பக்கம் அடிபம்பு இருக்கு" என்று வழி காட்டியது. உள்ளே இருந்த ஃபில்டர் செங்கல் நிறத்தில் இருந்தது. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீருக்கு ஃபில்டரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உப்பைப் பிரிக்கும் மெம்பரேனையும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். பெரிய செலவில்லை. ஆனால் அந்தச் செலவு எந்தத் தலைவரின் கணக்கிலும் வரவில்லை. வைத்துக் கொடுத்தவரின் ஆண்டு முடிந்துவிட்டது. அடுத்தவருக்கு அது "போன வருஷத்து ப்ராஜெக்ட்". தலைமையாசிரியர் யாரைக் கேட்பார்?

புதுத் தலைவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டு முடிவில் மாவட்ட அளவில் விருது கொடுக்கும்போது, அந்த ஆண்டு என்ன புதிதாகச் செய்தீர்கள் என்றுதான் முதலில் பார்க்கிறோம். பழையதை ஓட வைத்தவருக்கு மேடையில் இடமில்லை. செய்திக் குறிப்பிலும் இடமில்லை.

ஆனால் ரோட்டரியின் பெருமைக்குரிய வேலை எது என்று கேட்டால் எல்லோரும் போலியோ என்போம். அது எப்படி நடந்தது? 1985-இல் ரோட்டரியின் போலியோ ஒழிப்புத் திட்டமான போலியோபிளஸ் தொடங்கியது. 1995-இல் இந்தியா முழுக்கப் பல்ஸ் போலியோ முகாம்கள் வந்தன. பேருந்து நிலையத்தில், பள்ளியில், ரயிலடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டு விரலில் மை வைத்தார்களே, அதுதான். ஒரு தேசிய முகாம் என்றால் சுமார் 17 கோடிக் குழந்தைகள். சொட்டு மருந்து கொடுத்தது அரசின் சுகாதாரப் பணியாளர்கள். சங்கங்கள் ஆட்டோவில் மைக் கட்டின, வண்டி கொடுத்தன, பணியாளர்களுக்குச் சாப்பாடும் டீயும் கொண்டுபோய்க் கொடுத்தன. அத்தனைக்குப் பிறகும் 2009-இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ வந்தது. அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் இங்கேதான். "இத்தனை வருஷம் செய்தாயிற்று, இந்த வருஷம் வேறு ஏதாவது புதிதாகச் செய்யலாம்" என்று அன்றைக்கு யாராவது விட்டிருந்தால்? விடவில்லை. 2010-இல் 42 ஆனது. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. அதற்குள் ஒவ்வொரு சங்கத்திலும் கிட்டத்தட்ட முப்பது தலைவர்கள் மாறியிருந்தார்கள். வேலை மாறவில்லை.

லயன்ஸ் நண்பர்களுக்கும் இதே கதை உண்டு. 1925-இல், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்கே வந்து, பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டார். நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்றும் நம் ஊர்களில் கண் சிகிச்சை முகாம் என்றாலே லயன்ஸ் பெயர் வருகிறது.

அந்தக் கண் முகாமிலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதனை, கண்புரை உள்ளவர்களை மருத்துவமனை பஸ்ஸில் ஏற்றி வழியனுப்புவது வரை எல்லோரும் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் முக்கியமான நாட்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது, சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்கு வர வேண்டும். தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு இதை யார் நினைவுபடுத்துவது? எங்கள் சங்கத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார், இதுவரை எந்தப் பதவிக்கும் வந்ததில்லை. முகாமுக்கு வருகிற ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே அவர் தன் நோட்டில் ஒரு போன் நம்பர் எழுதி வைத்துக்கொள்வார். பாட்டியிடம் போன் இருக்காது. அதனால் பக்கத்து மளிகைக் கடை நம்பர், பேரன் நம்பர், பால்காரர் நம்பர். மறுபரிசோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "அந்தம்மாவ நாளைக்கு பஸ் ஏத்தி விட்ருங்க தம்பி." அவ்வளவுதான். இந்த வேலைக்குப் போட்டோ கிடையாது. என்னைக் கேட்டால் எங்கள் சங்கத்தின் மிகப் பெரிய சேவை அந்த நோட்டுதான்.

சரி, என்ன செய்யலாம்? ரோட்டரியில் அடுத்த தலைவர் யார் என்பது அவர் பொறுப்பேற்பதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. நிறைய நேரம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கடந்த ஐந்து ஆண்டுப் பணிகளை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதி முதல் கூட்டத்திலேயே படிக்கட்டும். இயந்திரம் எதைக் கொடுத்தாலும் மூன்று ஆண்டுப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே திரட்ட வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் இயந்திரமே வேண்டாம். பெயர்ப் பலகையில் தலைவர் பெயருக்குக் கீழே, பழுதானால் கூப்பிட ஒரு நம்பரும் இருக்கட்டும். விருது கொடுக்கும் மாவட்ட ஆளுநர்கள், பழைய பணியைத் தொடர்ந்த சங்கத்துக்கென்று தனியாக ஒரு கேடயம் வைத்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இந்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப் போகிறேன். புதுத் தலைவரிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றிருக்கிறார். உங்கள் ஊர்ச் சங்கம், எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி, பல ஆண்டாக விடாமல் நடத்தி வரும் பணி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். என்ன பணி, எப்போதிலிருந்து, தலைவர் மாறும்போது யார் பார்த்துக்கொள்கிறார் என்ற விவரத்தோடு எழுதினால் நல்லது. கூட்டத்தில் அவற்றைப் படித்துக் காட்டுகிறேன்.