ரோட்ஸ் கோட்டைக்குள் எது பழசு?

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குப் போகிறவர்கள் கோட்டைக்குள் நுழைந்ததும் நேராக ஓடுவது, ஒருகாலத்தில் இந்தத் தீவை ஆண்ட படைத்துறவிகளின் தலைவர் அரண்மனைக்குத்தான். "இடைக்காலத்துக்கே போய்விட்டோம்" என்று படம் போடுகிறார்கள். போனதென்னவோ 1930களுக்கு! பழைய அரண்மனை 1856இல் பக்கத்தில் கிடந்த வெடிமருந்து வெடித்துச் சிதறிப்போனது. இன்று நிற்பதில் பெரும்பகுதி முசோலினி காலத்து இத்தாலியர்கள் கட்டியது. தரைக்கு அழகு வேண்டும் என்று கோஸ் தீவிலிருந்து பழைய மொசைக்குகளைப் பெயர்த்து வந்து பதித்தார்கள்.

புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவச் சபையின் படைத்துறவிகள் இங்கே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். 1522இல் துருக்கி சுல்தான் சுலைமானின் படை ஆறு மாதம் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தது. பிறகு 1912 வரை துருக்கியர் ஆட்சி, அதன்பின் இத்தாலியர். படைத்துறவிகள் தங்கியிருந்த மாவீரர் வீதியில் நடந்தால் துருக்கியரின் அந்த நானூறு ஆண்டுகள் எங்கே போயின என்றே தெரியாது. வீடுகளின் முகப்பில் துருக்கியர் காலத்தில் சேர்ந்த மரப் பலகணிகளை இத்தாலியர்கள் கழற்றி எறிந்துவிட்டார்கள். இதைப் போய்ப் புனரமைப்பு என்கிறோம். எனக்கென்னவோ பிடித்த காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துடைத்த வேலையாகத்தான் படுகிறது.

சரி, பார்க்க எதுவுமே இல்லையா என்றால், அகழியில் இறங்குங்கள். தண்ணீர் கிடையாது, புல்தான். இரண்டு பக்கமும் மதில் உயர்ந்து நிற்க, நடுவில் நடக்கலாம். கல் பீரங்கிக் குண்டுகள் அங்கங்கே உருண்டு கிடக்கின்றன. ஒன்றைக் கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே கடைத்தெருவில் கப்பலில் வந்திறங்கிய கூட்டம் முட்டி மோதும்போது இங்கே ஆளே இல்லை.

அப்புறம் கிழக்குப் பக்கம் யூதர் பகுதி. 1577இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் கோலம். 1944 ஜூலையில் நாஜிகள் இந்தத் தீவின் யூதர்களைக் கப்பலேற்றி ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1,600க்கு மேற்பட்டவர்களில் திரும்பியவர்கள் சுமார் 150 பேர்தான். பக்கத்துச் சதுக்கத்தில் அவர்களுக்குக் கறுப்புக் கல்லில் ஒரு நினைவுத்தூண். சுற்றிலும் உணவகங்கள். சுற்றுலாக் கூட்டம் அதைப் பார்க்காமலேயே கடந்துபோகிறது.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், காலையில் அகழி, பிறகு யூதர் பகுதி. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், தொழுகைக்கூடத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். அரண்மனை டிக்கெட் காசுக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடுங்கள்.