நடித்துக்கொண்டிருப்பவர் சங்கத் தலைவராக முடியாதா?

அமெரிக்க நடிகர்களின் தொழிற்சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் நடிப்பைக் கைவிட வேண்டும், அது சம்பளம் தரும் முழுநேர வேலை என்று பரவிவரும் செய்தி தவறானது. படப்பிடிப்புத் தளத்தின் நெருக்கடிகளை இன்றும் அனுபவிப்பவரையே தகுதியற்றவராகக் காட்டுவதால் அது வாக்களிக்கும் உறுப்பினர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட. தலைவர் பதவிக்கு ஊதியம் கிடையாது. அன்றாட நிர்வாகத்தைச் சம்பளம் பெறும் நிர்வாக இயக்குநர் கவனிக்கிறார். 2021இல் ஃபிரான் டிரெஷரும் 2025இல் ஷான் ஆஸ்டினும் நடிகர்களாக இருந்தபடியே வென்றார்கள்.

உண்மையான சிக்கல் எழுந்தது வேறிடத்தில். 1947இல், திரைப்பட நடிகர்களின் சங்கமான சாக், ஆஃப்ட்ரா என்ற இன்னொரு சங்கத்தோடு இணையாமல் தனிச் சங்கமாக இருந்தபோது, அதன் தலைவர் ராபர்ட் மாண்ட்கோமரி விலகியதற்குக் காரணம் நடிப்பு அல்ல, படத் தயாரிப்பில் அவருக்கு இருந்த பங்கு. தயாரிப்பாளர்களோடு ஊதியப் பேச்சு நடத்தும் சங்கத்தில் அது பொருந்தவில்லை. அடுத்துத் தலைவரான ரொனால்ட் ரீகனோ பதவிக்காலத்திலும் படங்களில் நடித்துவந்தார்.