கெலவரப்பள்ளி நுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் மாசைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் சிரிக்கலாம். மழைக்காலத்தில் ஒருமுறை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் தெரியாது, வெள்ளை நுரைதான் தெரியும். ஆள் உயரத்துக்கு எழும்பித் தரைப்பாலத்தையே மூடிவிடும். காற்றடித்தால் பிய்ந்து போய்ப் பக்கத்துக் கொல்லையில் விழும். வெளியூர்க்காரர்கள் செல்ஃபி எடுப்பார்கள். கிட்டே போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவார்கள்.

ஓசூர் பக்கத்தில் இருக்கும் இந்த அணை தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது. நந்தி மலையில் பிறக்கும் அந்த ஆறு, பெங்களூரு ஓரமாக வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வடியும் சாக்கடையையும் சோப்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டுதான் நம் எல்லைக்குள் நுழைகிறது. ஓசூரில் நாமும் நம் பங்கைச் சேர்க்கிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் கே.ஆர்.பி. அணை, சாத்தனூர், கடைசியில் கடலூர் பக்கம் வங்கக் கடல். நுரை வழியிலேயே அடங்கிவிடும். தண்ணீரில் கரைந்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் அப்படி அடங்குவதில்லை.

வடக்கு ஐரோப்பாவில் இருக்கும் பால்டிக் கடலைக் கெடுத்ததும் பெரும்பாலும், பாசிக்கு உரமாகும் இந்த இரண்டும்தான். சுற்றிலும் நிலம், வெளியேற ஒரு குறுகிய வாசல்; உள்ளே போன அழுக்கு லேசில் வெளியே வராது. 1974இல் ஏழு கரையோர நாடுகள் அந்தக் கடலைக் காப்பாற்ற, பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் போட்டன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி, சோவியத் ஒன்றியம் எல்லாம் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன!

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1992இல் அதைத் திருத்தி எழுதியதுதான். கடலை மட்டும் பார்த்துப் பயனில்லை என்று, அதில் வடியும் ஆறுகளின் நிலப்பரப்பு முழுவதையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். அதாவது, அங்கேயும் கெலவரப்பள்ளி மாதிரி ஊர்கள் கடல் விவகாரத்துக்குள் வந்துவிட்டன.

இன்னொன்றும் செய்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்லாந்தும் சுவீடனும் ரஷ்யாவைத் திட்டுவதோடு நிற்கவில்லை. பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தன. 2005இல் அங்கே தென்மேற்குச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. தர்மம் ஒன்றுமில்லை, சுயநலம்தான். தங்கள் ஊரில் ஏற்கெனவே சுத்தமாக இருப்பதை இன்னும் சுத்தமாக்குவதைவிட, பக்கத்து ஊர்ச் சாக்கடையை அடைப்பது மலிவு.

பால்டிக் சுத்தமாகிவிட்டதா? இல்லை. கோடையில் இன்றும் பச்சைப் பாசி பூக்கிறது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவோடு உட்கார்ந்து பேசுவதும் நின்றுபோனது. ஆனாலும் கடலில் கலக்கும் பாஸ்பரஸ் எண்பதுகளில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது.

நம் பக்கம் வருவோம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு சேர்ந்து 1995இலேயே தெற்காசியக் கடல்களுக்கு ஒரு செயல்திட்டம் ஏற்றுக்கொண்டன. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொழும்புக்கு அருகே 2021இல் ஒரு சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் ஒதுங்கியது. 2025இல் கேரளக் கடலில் இன்னொரு கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மன்னார் வரை போனது. கப்பல் கவிழ்ந்தால் நாலு நாள் பேசுகிறோம். ஆறு தினமும் கொண்டுபோய்க் கொட்டுவதைப் பேச ஆளில்லை.

கொழும்போடும் டாக்காவோடும் பேசுவது இருக்கட்டும். ஓசூரும் பெங்களூரும் ஒரே நாட்டில்தானே இருக்கின்றன? காவிரியில் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வந்தது என்று தினமும் செய்தி வாசிக்கிறார்கள். அதே மாதிரி தென்பெண்ணை எல்லையில் தண்ணீரின் தரத்தையும் அளந்து தினமும் வெளியிடட்டும். பெங்களூரின் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழ்நாடு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்கலாம் என்பேன். “அவன் கழிவுக்கு நாம் ஏன் காசு கொடுக்கணும்?” என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். அந்தத் தண்ணீரில்தான் நம் கொல்லைக்குப் பாசனம் நடக்கிறது.